பூனை மணலின் வயது

இல்லை, மேடம், அதை நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளை சொன்ன ஜோக்குக்கு நான் ஒரு நாளும் சிரித்ததில்லை என்று என் தங்கை சொல்லியிருந்தால் அது உண்மைதான். ஆனால் அதை வெறுப்பு என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு ஜோக் மெதுவாகத்தான் புரியும். வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது சிரிப்பு வரும். அந்த நேரத்தில் பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். நான் சிரித்ததற்குச் சாட்சி கிடையாது, அவ்வளவுதான்.

அவரை எனக்குப் பிடிக்கும். தங்கைக்கு அவரைப் பேசி முடித்துவைத்ததே நான்தான். பதினாறு வருடத்துக்கு முன்னால் முதல் தடவை பார்த்தபோது, ஓர் அகழ்வுக் குழியின் விளிம்பில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மண் ஒட்டிய கையாலேயே ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். இந்த மனிதருக்கு எதையும் ஒளித்துவைக்கத் தெரியாது என்று நினைத்தேன். அந்தக் கணிப்பு தவறு. அவருக்கும் ஒளித்துவைக்கத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஒலிப்பதிவுக் கருவி ஓடட்டும். அதன் சிவப்பு விளக்கு எனக்குத் தொந்தரவு இல்லை. இருபத்தாறு வருடமாகச் சிவப்பு விளக்கில்தான் வேலை பார்க்கிறேன்.

மண்ணுக்கு வயது சொல்வது என் தொழில். மணல் துகள் ஒவ்வொன்றும் ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் பட்டால் அந்தக் கடிகாரம் பூஜ்யத்துக்குப் போய்விடும். மேலே மண் மூடி இருட்டான கணத்திலிருந்து மறுபடி ஓடத் தொடங்கும். சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து கசியும் மெல்லிய கதிர்வீச்சைத் துகள் தனக்குள் சேர்த்துவைத்துக்கொண்டே போகும். ஆய்வகத்தில் நாங்கள் அதன்மேல் ஒரு குறிப்பிட்ட ஒளியைப் பாய்ச்சுவோம். சேர்த்துவைத்ததை எல்லாம் ஒரு மங்கலான வெளிச்சமாக அது திருப்பித் தரும். அந்த வெளிச்சத்தை அளந்தால், எத்தனை வருடம் அது இருட்டில் கிடந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் துகள் ஒரே ஒரு தடவைதான் பேசும். அதற்குள் வெயில் பட்டுவிட்டால் எல்லாம் போச்சு. அதனால்தான் தோண்டுகிறவர்கள் கறுப்புப் போர்வைக்குள் புகுந்துகொண்டு, ஓர் எஃகுக் குழாயை மண்சுவரில் அடித்து இறக்கி, வெளியே இழுத்து, இரண்டு முனையிலும் கறுப்பு டேப்பை ஒட்டி எங்களிடம் கொடுப்பார்கள். எங்கள் இருட்டறையில்தான் குழாய் திறக்கும்.

யாரும் எட்டிப் பார்க்க முடியாத அறை, மேடம். கதவைத் திறந்தால் சாம்பிள் கெட்டுவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் தட்டக்கூட மாட்டார்கள்.

இந்தக் கண்டத்துக்கு முதல் மனிதன் எப்போது வந்தான், எப்படி வந்தான் என்பதில் இரண்டு கட்சி உண்டு. வடக்கே பனிமலைகள் உருகி நடுவில் ஒரு பாதை விட்டது, அதன் வழியாக விலங்குகளைத் துரத்திக்கொண்டு நடந்து வந்தான், அது பதின்மூன்றாயிரம் வருடத்துக்கு முன்னால், அதற்கு முன் இங்கே ஒரு காலடிகூட இல்லை என்பது எங்கள் கட்சி. தரைவழிக்காரர்கள் என்பார்கள் எங்களை. பனி உருகும்வரை அவன் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை, சின்னச் சின்னப் படகில் கடலோரமாகவே வந்தான், சிப்பியும் மீனும் தின்றுகொண்டு இருபதாயிரம் வருடத்துக்கும் முன்பே வந்து சேர்ந்துவிட்டான் என்பது கரைவழிக்காரர்களின் கட்சி. மாப்பிள்ளை அந்தப் பக்கம். உங்கள் பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் கண்டத்தின் படமும், மேலிருந்து உள்ளே இறங்குகிற ஒரு சிவப்பு அம்பும் பார்த்திருப்பீர்கள். அந்த அம்பை வரைந்தது நான். பக்கத்தில் போட்டிருக்கும் எண்ணும் என் ஆய்வகத்திலிருந்து வந்த எண்தான்.

வீட்டில் இதை வைத்துச் சண்டை வந்ததில்லை. மாதம் ஒரு தடவை தங்கை வீட்டுக்குச் சாப்பிடப் போவேன். தட்டு வைக்கும்போதே அவள் சொல்லிவிடுவாள்.

“சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் எந்தக் கண்டத்துக்கும் வந்து சேரக் கூடாது. சொல்லிட்டேன்.”

“நாங்க எப்பவோ வந்து கை கழுவிட்டோம்மா. உங்க அண்ணன்தான் பனி உருகட்டும்னு இன்னும் வாசல்ல நிக்கிறார்” என்பார் அவர்.

போன வருடம் ஒரு நாள் காலையில் போன் செய்தார்.

“மச்சான், உக்காந்திருக்கீங்களா?”

“நின்னுட்டிருக்கேன்.”

“அப்ப உக்காருங்க. அடுப்பு கிடைச்சிருக்கு. கடலோரக் குழியில, நாலு மீட்டர் ஆழத்துல. வட்டமா எட்டுக் கல்லு, கருகின மண்ணு, ஒரு கை நிறைய மீன்முள்ளு. நான் இங்க பூமி அதிர்ற மாதிரி குதிச்சுக்கிட்டிருக்கேன்.”

“குழிக்குள்ள குதிக்காதீங்க. சுவரைத் தாங்குற முட்டு ஆடிடும்” என்றேன். பாருங்கள், அந்த அளவுக்கு அவர்மேல் எனக்கு அக்கறை இருந்தது.

மறுநாளே போய்ப் பார்த்தேன். அழகான அடுப்பு. அதுதான் எனக்குச் சந்தேகம். அவருடைய அகழ்வு அனுமதி முடிய ஆறு நாள்தான் இருந்தது. மூன்று வருடமாக மண்ணைத் தவிர எதுவும் கிடைக்காத ஒரு மனிதருக்கு, கடைசி வாரத்தில், எட்டுக் கல்லும் இடம் மாறாமல் ஓர் அடுப்பு கிடைக்கிறது. உங்கள் தொழிலில் இப்படி ஒன்று நடந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? அவர் மதியம் கை கழுவப் போனபோது அவருடைய வண்டியைத் திறந்து பார்த்தேன். இருக்கைக்கு அடியில் பார்த்தேன். மீன்முள்ளோ கரித்துண்டோ ஒன்றும் இல்லை. இது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. அவ்வளவு சுத்தமான வண்டி அவருடையதாக இருக்க முடியாது.

அவர் பொய் சொல்கிறார் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது தங்கையின் கணவருக்கு நல்ல பெயரா? அதனால் விஷயத்தை என் வழியில், சத்தமில்லாமல், சரி செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அடுப்புக்கு மேலும் கீழுமாக எடுத்த ஐந்து குழாய்களை அவரே நேரில் கொண்டுவந்து கொடுத்தார். ஆய்வகத்தில் என்னோடு இரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள். இது குடும்பத்து வேலை, நானே செய்துகொள்கிறேன் என்று சொல்லி அவர்களை அனுப்பிவிட்டேன்.

நான் செய்தது இவ்வளவுதான். ஐந்து குழாய்களையும் திறந்து, ஒவ்வொன்றின் மணலையும் ஒரு தட்டில் பரப்பி, ஜன்னலோரம் ஒரு பகல் முழுக்க வெயிலில் வைத்தேன். கடிகாரங்கள் பூஜ்யத்துக்கு வந்தன. பிறகு இருட்டறைக்குள் கொண்டுபோய், இயந்திரத்தில் வைத்து, எனக்குத் தேவையான அளவுக்குக் கதிர் ஊட்டினேன். துகளுக்குக் கதிர் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. மண்ணுக்குள் பன்னிரண்டாயிரம் வருடத்தில் சேர்வதை அந்த இயந்திரம் ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிடும். மேல் அடுக்குக்குக் கொஞ்சம் குறைவாகவும், கீழே போகப் போகக் கொஞ்சம் கூடுதலாகவும் கொடுத்தேன். கைக்குழந்தைக்குப் பால் புகட்டுவது மாதிரிப் பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை.

வெயிலில் வைப்பதற்கு முன்னால் உண்மையான வயதை அளந்தீர்களா என்று நேற்று கேட்டீர்கள். இல்லை. அளக்கவில்லை. அளந்து பார்த்து, தெரிந்துகொண்டு, பிறகு அழித்தால் அதன் பெயர் மோசடி. நான் மோசடி செய்கிறவன் அல்ல. எனக்கு விடை தெரியும். விடை தெரிந்த கேள்விக்கு எதற்காக மறுபடி அளக்க வேண்டும்?

மூன்றாம் குழாயைத் திறந்தபோது மட்டும் மணல் மற்றவற்றைவிடத் தளர்வாக இருந்தது. லேசாக ஒரு நாற்றமும் வந்தது. பழைய அடுப்பு, மீன், இப்படி ஏதாவது இருக்கும் என்று விட்டுவிட்டேன். தொழிலில் நான் செய்த ஒரே கவனக்குறைவு அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

அறிக்கை அனுப்பினேன். மேலே பன்னிரண்டாயிரத்து நூறு, கீழே பதின்மூன்றாயிரம். நடுவில் மூன்றாம் குழாய்க்குப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு. எந்தக் கட்சிக்காரரும் குறை சொல்ல முடியாத வரிசை.

அவர் சத்தம் போடுவார் என்று எதிர்பார்த்தேன். “ரொம்ப நன்றி மச்சான்” என்று ஒரு வரி பதில் வந்தது. அதில் ஜோக் ஒன்றும் இல்லை. அன்றைக்கே எனக்கு உள்ளுக்குள் உறுத்தியது. அந்த மாதம் சாப்பிடப் போனபோது தங்கை அடுப்படியிலிருந்தே கேட்டாள்.

“அண்ணா, இவருக்கு என்ன ஆச்சு? ரெண்டு வாரமா பூனைகூட மட்டும்தான் பேசுறார்.”

“அது எதிர்த்துப் பேசாது” என்றார் அவர், என்னைப் பார்த்துக்கொண்டே. பூனை அவர் மடியில் இருந்தது. அதன் தலையைத் தடவிக்கொண்டே, “வயசானவங்களை மதிக்கணும்மா” என்றார். தங்கை சிரித்தாள். எனக்குப் புரியவில்லை.

அன்றிலிருந்து அவரைக் கவனிக்கத் தொடங்கினேன். யாருக்குப் போன் செய்கிறார், யாரோடு உட்கார்ந்து டீ குடிக்கிறார் என்று பார்த்தேன். என்னைக் கண்டதும் மடிக்கணினியை மூடினாரா, அல்லது மூடுகிற நேரத்தில்தான் நான் போனேனா என்று யோசித்தேன். தங்கையிடம் சாதாரணமாகப் பேசுவது போலப் பேசி விசாரித்தேன். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, அல்லது தெரியாத மாதிரி நடந்துகொண்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள் அவள். நாள் முழுக்க மற்றவர்களின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவளின் கண்ணிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு ஒரு சனிக்கிழமை அவர் போன் செய்தார். நாளைக்குக் குழிக்கு வர முடியுமா, நாம் இரண்டு பேர் மட்டும் என்றார். அடுப்பு கிடைத்ததால் அகழ்வு அனுமதியை நீட்டித்திருந்தார்கள், ஆனால் ஞாயிறு விடுமுறை நாள். முட்டுப் போடுகிற தச்சரும் வரமாட்டார், கூலிக்காரர்களும் வரமாட்டார்கள். எதற்காகத் தனியாகக் கூப்பிடுகிறார் என்று இரவெல்லாம் யோசித்தேன். என்னை ஏதாவது செய்துவிடுவாரோ என்றுகூட நினைத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். பயந்தவன் நான்தான்.

குழி கடலிலிருந்து இருநூறு அடி தள்ளி இருக்கிறது. நான்கு மீட்டர் ஆழம். இரண்டு பக்கச் சுவரும் மணல் என்பதால் பலகை அடித்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு இரும்பு முட்டுக் கொடுத்திருப்பார்கள். இறங்க ஓர் அலுமினிய ஏணி. அவர் விளிம்பில் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, பக்கத்தில் இடத்தைத் தட்டிக் காட்டினார். உட்கார்ந்தேன்.

“மச்சான், மூணாம் நம்பர் குழாய்க்கு என்ன வயசு போட்டீங்க?”

“பன்னிரண்டாயிரத்து அறுநூறு.”

“நல்லா அளந்தீங்களா?”

“எப்பவும் போலத்தான்.”

“அது குழியில எடுத்ததில்ல. உங்க தங்கச்சி பூனையோட மணல் பெட்டியில இருந்து நான் அள்ளிப் போட்டது. பால்கனியில பகல் பூரா வெயில்ல காயுற மணல். அதுல ஒரு நாள் வயசுகூட வரக் கூடாது.” பிறகு, அவரால் அடக்க முடியவில்லை, சொல்லிவிட்டார். “இந்தக் கண்டத்துக்கு முதல்ல வந்தது பூனைதான் போலிருக்கு மச்சான். அதுவும் தரைவழியா, பொறுமையா நடந்து.”

நான் சிரிக்கவில்லை. ஆனால் இப்போது சொல்லிப் பார்க்கும்போது அது நல்ல ஜோக்தான்.

“எதுக்கு அப்படிச் செஞ்சீங்க?” என்று கேட்டேன். என்னைச் சந்தேகப்பட்டு, என் வேலைக்குள் பொறி வைத்தவர் அவர் என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் நாங்கள்.

“கரையோரத்துல யார் தோண்டினாலும் உங்க ஆய்வகத்துல பதின்மூணாயிரத்தைத் தாண்ட மாட்டேங்குது. பத்து வருஷமா ஒருத்தருக்குக்கூட தாண்டலை. நான் உங்களைத் தப்பா நினைக்கலை மச்சான். மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும், காட்டிக்குடுத்தா சந்தோஷப்படுவீங்கன்னு நினைச்சுத்தான் செஞ்சேன். ஆனா மிஷின் கோளாறுன்னா எல்லாம் ஒரே மாதிரி தப்பா வரும். பூனை மணல் அடுக்குக்கு நடுவுல போய் இவ்வளவு ஒழுங்கா உக்காராது.”

அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

“யார்கிட்டயும் சொல்லலை. அவகிட்டயும் சொல்லலை. சாம்பிள் வர்ற வழியிலயே கெட்டுப்போச்சு, அறிக்கையைத் திரும்ப வாங்கிக்கிறேன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. பழியை என்மேலயே போட்டுருங்க, எனக்கென்ன, ஏற்கெனவே அரைக்கிறுக்கன்னு பேரு. இப்ப புதுசா ஒரு குழாய் எடுப்போம், ரெண்டு பேரும் சேர்ந்து. வேற நாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவோம். உங்க பதின்மூணாயிரமே வந்தா நான் வாயை மூடிக்கிட்டுப் போயிடுறேன்.” பிறகு மெதுவாகக் கேட்டார். “இது ஒரு தடவைதானே மச்சான்?”

“ஒரு தடவைதான்” என்றேன்.

ஐந்தாவது தடவை. அவருக்கு முன்னால் நான்கு பேர். ஒருவர் அந்த அறிக்கைக்குப் பிறகு தொழிலையே விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். இன்னொருவர் ஓய்வு பெறும்வரை தான் தோண்டிய இடத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர்களுடைய மண்ணையும் நான் அளந்து பார்க்கவில்லை. மாப்பிள்ளை நல்ல மனசோடுதான் பேசினார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவருக்கு யோசனை போதவில்லை. வேறு ஆய்வகம் ஓர் எண் சொன்னால் அது அந்தக் குழாயோடு நிற்குமா? மற்ற நான்கு இடத்துக்கும் யாராவது மறுபடி போவார்கள். அம்பை அழிப்பார்கள். தங்கையின் கணவர் என்னை மன்னிப்பதால் ஒரு கண்டத்தின் வரலாறு தப்பித்துவிடாது.

“சரி, எடுங்க” என்றேன்.

அவர் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஏணியில் இறங்கினார். கறுப்புப் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு சுவரோடு ஒட்டி உட்கார்ந்தார். சுத்தியல் சத்தம் கேட்டது. போர்வைக்குள்ளிருந்தே பேசிக்கொண்டிருந்தார். “இந்தத் தடவை சுத்தமான மணல் மச்சான், எந்தப் பிராணியும் சம்பந்தப்படலை” என்றார். பிறகு, “குழாய் எடுத்த இடத்தை ஒரு நல்ல படம் எடுத்துருங்க. நாளைக்கு யாரும் வாயைத் திறக்கக் கூடாது” என்றார்.

படம் எடுக்கச் சொன்னது அவர்தான், மேடம். இதை அடிக்கோடிட்டு எழுதுங்கள்.

எங்கள் தொழிலில் சுவரைப் படம் எடுக்கும்போது முட்டும் பலகையும் மறைக்கும். அதனால் மேல்வரிசை முட்டு இரண்டைக் கழற்றி, பலகையைத் தூக்கி, சட்டென்று படம் எடுத்துவிட்டு மறுபடி பூட்டுவது வழக்கம். விளிம்பில் படுத்துக்கொண்டே கையை நீட்டித் திருகைத் தளர்த்திவிடலாம். ஆள் எல்லாம் மேலே ஏறிய பிறகுதான் கழற்ற வேண்டும் என்பது விதி. அந்த விதியைக் கையேட்டில் எழுதியவன் நான்தான்.

“டேப் ஒட்டிட்டேன். ஏறி வரவா?” என்றார்.

“இருங்க, படம் எடுத்துடறேன்” என்றேன். அப்போது முதல் முட்டு என் கையில் இருந்தது. இரண்டாவதையும் கழற்றினேன். முந்திய வாரம் மழை பெய்திருந்தது, மணல் கனத்துப் போயிருந்தது, இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்பப்போவதில்லை.

பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. கனமான கம்பளியை உதறிப் போட்டது போல இருந்தது. பிறகு குழி பாதிக் குழியாக இருந்தது.

எதையும் தொடுவதற்கு முன்னால் பதிவு செய்ய வேண்டும். இது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒரு கல் இருந்தால் அதை எடுப்பதற்கு முன் அளவுகோலை வைத்து, வடக்கைக் காட்டும் அம்பை வைத்து, படம் எடுக்க வேண்டும். எடுத்த பிறகு அது இருந்த இடம் உலகத்தில் எங்கேயும் இருக்காது. நான் அளவுகோலை மணல்மேல் வைத்தேன். அம்பை வைத்தேன். ஏணியின் மேல்பகுதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதில் இடது கையை ஊன்றிக்கொண்டு முதல் படத்தை எடுத்தேன். மணி பத்து பதினான்கு.

ஏணியைப் பிடித்திருந்த கையில் ஏதோ தெரிந்தது. கீழேயிருந்து யாரோ அதைத் தட்டினார்கள். சுத்தியலாக இருக்கும். மூன்று தட்டு, இடைவெளி, மூன்று தட்டு. ஒழுங்காக இருந்தது. இரண்டு நிமிடம் கழித்து அடுத்த படம் எடுத்தேன். சரிந்த மண் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பதிவு செய்வது பயனுள்ளது, யாரும் இதுவரை சரியாகச் செய்ததில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு படம். மண்வெட்டி இரண்டும் எனக்குப் பின்னால் மூன்று அடியில் கிடந்தன, நீங்கள் வரைந்திருக்கும் படம் சரிதான். ஒன்பதாவது படம் எடுக்கும்போது தட்டுவது நின்றிருந்தது. உறுதிக்காக இன்னும் இரண்டு எடுத்தேன். பத்து முப்பத்தாறுக்கு உங்கள் ஆட்களுக்குப் போன் செய்தேன்.

தலைக்கு மேல் இரண்டு அடி மணல்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். இரண்டு பேர் கால் மணி நேரத்தில் தோண்டிவிட்டார்கள். எனக்கு அது அப்போது தெரியாது. எவ்வளவு ஆழம் என்று நான் அளக்கவில்லை.

தங்கையை நான்தான் தேற்றினேன். அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, ஒரே நொடிதான் என்று சொன்னேன். அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். மூன்று வாரம் அவள் வீட்டிலேயே தங்கி எல்லா வேலையையும் பார்த்தேன். பூனைக்குச் சோறு வைத்தேன், அதன் பெட்டியில் மணலும் மாற்றினேன். கேமராவை அவருடைய மற்ற சாமான்களோடு அவளிடம் கொடுத்ததும் நானேதான். அது அகழ்வுக் குழுவின் கேமரா, படங்கள் அகழ்வுப் பதிவுகள். அவற்றை அழிக்க எனக்கு உரிமை இல்லை. பதிவை அழிக்கிறவன் இந்தத் தொழிலுக்கே லாயக்கில்லாதவன் என்று நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒரு நாள் சாயங்காலம் கடையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் மடிக்கணினியைத் திறந்தாள். பதினொரு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வேகமாகப் புரட்டினாள். படங்களில் பதிந்திருந்த நேரத்தை அவள் அதற்கு முன்பே பார்த்துவிட்டிருக்கிறாள். அதைப் பற்றிக் கேட்கவில்லை. அளவுகோலுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குழிவு. அது ஒரு படத்தில் இருந்தது, அடுத்ததில் மேடானது, மறுபடி குழிந்தது.

“மணல் மூச்சு விடுற மாதிரி இருக்கு, அண்ணா” என்றாள். குரல் உயரவில்லை. “எட்டாவது படம் வரைக்கும் விடுது.”

நான் அவளிடம் விளக்கிச் சொல்லப் பார்த்தேன். ஈர மணல் அடங்கும்போது அப்படித்தான் தெரியும் என்றேன். அவள் என் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கடையில் ஆட்களைப் பார்ப்பது போல. பிறகு எழுந்து போய் உங்களுக்குப் போன் செய்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவளுக்கு ஒரு விஷயம் புரியவில்லை, அவ்வளவுதான். நான் அவரைக் கொன்றேன் என்று நீங்கள் எழுதியிருப்பதில் கையெழுத்துப் போடுகிறேன், முட்டுகளைக் கழற்றியது நான், காத்திருந்தது நான், அதில் மாற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் காரணம் என்ற இடத்தில் ‘பகை’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் திருத்திவிடுங்கள். அவர்மேல் எனக்கு எந்தப் பகையும் இருந்ததில்லை. ஒரு தவறான எண் உலகத்துக்குள் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் என் கவலை. அப்போதும் அதுதான், இப்போதும் அதுதான்.

அதனால்தான் இதைக் கேட்கிறேன். வெளியே எடுத்தபோது அவர் அந்தக் குழாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னீர்கள். இரண்டு முனையிலும் டேப் இருந்தது. இப்போது உங்கள் இரும்பு அலமாரியில், எண் கட்டி வைத்திருக்கிறீர்கள். அதை வேறு நாட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று தங்கை மனு கொடுத்திருக்கிறாள். தாராளமாக அனுப்புங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் உங்கள் ஆட்களுக்கு அதைக் கையாளத் தெரியாது. எங்கேயாவது இடித்து, ஒரு முனையில் டேப் மயிரிழை விலகியிருந்தாலும் வயது தப்பாக வந்துவிடும். அது அவருக்குச் செய்கிற அநியாயம். அவர் உயிரைக் கொடுத்து எடுத்த மண், மேடம்.

ஒரே ஒரு நிமிடம் அதை என் கையில் கொடுக்கச் சொல்லுங்களேன். இதோ, இந்த ஜன்னல் பக்கம், வெளிச்சத்தில் வைத்து டேப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன். கொடுக்கச் சொல்வீர்களா?